அக்லி ஸ்டிக் ஜிஎக்ஸ்2: பிளஸ் ஆற்றில் மீனைக் கரைசேர்க்க இந்தக் கம்பு எப்படி?

தூண்டில் கடைக்கு வருகிறவர்கள் கம்பின் பிடியைப் பிடித்து நுனியை நாலு ஆட்டு ஆட்டிப் பார்ப்பார்கள். கைக்கு லேசாக இருந்தால் காசைக் கட்டிவிடுவார்கள். அந்த ஆட்டலில் தெரிவது, வீசும்போது கம்பு எப்படி இருக்கும் என்பது மட்டும்தான். ஒன்றரைக் கிலோ செபாராவ் (வேகமாகப் பாயும் ஆற்று மீன்) ஒன்று முள்ளைக் கவ்விக்கொண்டு பாறை இடுக்கை நோக்கி ஓடும் முதல் பத்து விநாடியில் அதே கம்பு என்ன செய்யும் என்று கடைக்குள் நின்று சொல்ல முடியாது. மீன் தப்புவதும் கம்பு முறிவதும் அந்தப் பத்து விநாடியிலும், கரையோரத்தின் கடைசி மூன்று மீட்டரிலும்தான். ஆகவே இந்த விமர்சனத்தில் கம்பை முள் மாட்டிய நொடியிலிருந்து மீன் கைவலைக்குள் விழும்வரைதான் முதலில் எடைபோடுகிறோம். வீசும் தூரமும் பளபளப்பும் அதற்குப் பிறகு.

முடிவை இப்போதே சொல்லிவிடலாம். ஆற்றில் மீனை ஆடவிட்டுக் கரைசேர்க்கப் பழகுகிறவருக்கு இது நல்ல கம்பு. கை செய்யும் தவறைப் பொறுத்துக்கொள்ளும். நாள் முழுக்கச் சிறிய லூர் (செயற்கை இரை) வீசிக்கொண்டே நடப்பவருக்கு இது கனம். அடியில் மெல்லச் சுரண்டும் மீனை விரலில் உணர நினைப்பவருக்கு இது மந்தம்.

அக்லி ஸ்டிக் என்பது ஷேக்ஸ்பியர் நிறுவனம் 1976இல் கொண்டுவந்த பெயர். ஜிஎக்ஸ்2 வரிசை 2013இல் வந்தது. பல நீளங்களில், பல பலங்களில் கிடைக்கிறது. இங்கே பேசுவது 6 அடி 6 அங்குலம், அதாவது 198 செ.மீ. நீளம், மீடியம் பலம், இரண்டு துண்டு, ஸ்பின்னிங் மெஷினுக்கான (நரம்பு சுற்றும் கருவிக்கான) கம்பு. அதற்குரிய நரம்பு (தூண்டில் இழை) அளவு 6 முதல் 15 பவுண்ட், கிலோவில் 2.7 முதல் 6.8. உடம்பு கார்பனும் கண்ணாடி இழையும் கலந்தது. நுனிப் பகுதி உள்ளே துவாரம் இல்லாத கெட்டிக் கண்ணாடி இழை. மங்கலாக ஒளி ஊடுருவும். வளையங்கள் ஒவ்வொன்றும் ஒரே துண்டான துருப்பிடிக்காத எஃகு. உள்ளே பீங்கான் வளையம் கிடையாது. பிடி இவிஏ நுரை.

இந்தக் கலவை ஏன் முக்கியம் என்றால், கண்ணாடி இழை முறிவதற்கு முன் கார்பனைவிட இரண்டு மடங்குக்கும் மேல் நீண்டுகொடுக்கும். முழுக் கார்பன் கம்பு லேசு, விறைப்பு, உணர்வு அதிகம். ஆனால் பாறையில் ஒரு தட்டு தட்டி உள்ளிழை கீறிவிட்டால், அடுத்த பெரிய மீனில் அதே இடத்தில் போய்விடும். கலப்புக் கம்பு கனமாக இருந்தாலும் வளைந்துகொண்டே போகும், தட்டுப்பட்டாலும் தாங்கும். இப்போது எல்லாரும் பிரெய்டு (பின்னிய நரம்பு) போடுகிறார்கள். நைலான் நரம்பு அறுவதற்கு முன் நூற்றுக்குப் பதினைந்து, இருபது பங்கு நீளும். பிரெய்டு ஏறக்குறைய நீளவே நீளாது. மீன் திடீரென்று தலையை உதறும்போது அந்த அதிர்ச்சியை யாராவது வாங்கவேண்டும். நரம்பு வாங்காவிட்டால் கம்பு வாங்கவேண்டும். கம்பும் வாங்காவிட்டால் முள் பிடித்திருக்கும் சதை கிழியும். மெதுவாக வளையும் நுனி உள்ள கம்புக்கு ஆற்றில் மதிப்பு வருவது இதனால்தான்.

மூங்கில் பழக்கம்

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் பலர் தூண்டில் பழகியது மூங்கில் கம்பில். லயத்துக்குப் பின்னால் வெட்டிய கம்பு, நுனியில் கட்டிய நரம்பு, செம்பனைக் காட்டு வாய்க்காலில் விரால். மெஷின் இல்லாத கம்பில் மீன் கடித்தால் செய்யக்கூடியது ஒன்றுதான்: ஒரே வெட்டாக வெட்டி (முள் பதியச் சுண்டி இழுத்து), தலைக்கு மேலே தூக்கிக் கரையில் போடுவது. அந்தக் கம்புக்கு அது சரி. நரம்பும் கம்பும் ஏறத்தாழ ஒரே நீளம், மீனும் முக்கால் கிலோவுக்குள்.

கை அதையே மெஷின் கம்பிலும் செய்யப்பார்க்கிறது. இங்கே பெரும்பாலான கம்புகள் முறிவதற்குக் காரணம் இதுதான். 15 பவுண்ட் என்று அச்சடித்திருப்பது 15 பவுண்ட் மீனைத் தூக்கலாம் என்பதற்கு அல்ல. அந்தப் பலமுள்ள நரம்பு வரை கட்டலாம் என்பதற்கு. தண்ணீருக்குள் இருக்கும் மீன் ஏறத்தாழ எடையற்றது; அதன் வேகமும் நீரோட்டமும்தான் கம்பில் ஏறுகின்றன. தண்ணீரைவிட்டு வெளியே எடுத்த நொடியில் முழு எடையும் நுனியில் தொங்கும். ஜிஎக்ஸ்2வின் கெட்டி நுனி அந்தத் தவறை மற்றக் கம்புகளைவிட அதிகமாகப் பொறுக்கும் என்பது உண்மை. அதை நம்பித் தூக்கிப் பழகினால் அடுத்து வாங்கும் கம்பு பொறுக்காது.

வெட்டும் விதமும் மாறவேண்டும். பிரெய்டில் தலைக்கு மேல் வீச்சாக இழுக்க வேண்டாம். கடித்ததும் நரம்பின் தொய்வைச் சுற்றி எடுத்து, கம்பைப் பக்கவாட்டில் அரை மீட்டர் அளவுக்கு அழுத்தமாக நகர்த்தினால் போதும். இந்தக் கம்பு மெதுவாக வளைவதால் அந்த நகர்வு கார்பன் கம்பைவிட சற்று நீளமாக இருக்கவேண்டும். பாவுங்குக்கு (கெளுத்தி வகை மீன்) இரவில் இரை போட்டு வட்ட முள் கட்டியிருந்தால் வெட்டவே கூடாது. கம்பு தானாக வளைந்து நிற்கும்வரை பொறுத்து, நிதானமாகச் சுற்றினால் முள் வாயோரத்தில் தானே திரும்பிப் பிடிக்கும்.

டிராக்: தராசில் பார்த்து வைப்பது

விரலால் நரம்பை இழுத்துப் பார்த்து டிராக் (மீன் எவ்வளவு பலமாக இழுத்தால் நரம்பு நழுவும் என்ற இறுக்கம்) வைப்பது பெரும்பாலும் தப்பாகத்தான் போகும். மீன் நிறுக்கும் கொக்கித் தராசு ஒன்று போதும். மெஷினில் இருந்து நரம்பை எல்லா வளையங்களிலும் கோத்து, கம்பை நரம்புக்கு 45 பாகை சாய்த்துப் பிடித்து, தராசின் கொக்கியில் கட்டி இன்னொருவரை மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூல் நழுவத் தொடங்கும் அளவு, நரம்பின் அறும் பலத்தில் கால் பங்குக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். 12 பவுண்ட் நரம்பு 5.4 கிலோ, அதில் கால் பங்கு ஏறக்குறைய 1.4 கிலோ. மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டிய தேவை இந்தக் கம்புக்கு இல்லை. வளையங்களில் நரம்பு உரசும் உராய்வும் சேர்வதால், கம்பை வளைத்துப் பிடித்து அளப்பதுதான் உண்மையான எண். மெஷினில் நேராக இழுத்து அளந்தால் குறைத்துக் காட்டும், பிறகு மீன் இருக்கும்போது இறுக்கமாக இருக்கும்.

இன்னொரு கணக்கை நிறையப் பேர் கவனிப்பதில்லை. நரம்பு வெளியே போகப் போக ஸ்பூலில் சுற்றின் விட்டம் குறைகிறது. குமிழைத் தொடாமலே டிராக் இறுகுகிறது. முழு ஸ்பூல் 44 மி.மீ. விட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட ஓட்டத்தில் அது 33 மி.மீ.க்கு இறங்கினால், 1.4 கிலோவில் வைத்தது 1.9 கிலோவுக்கு அருகில் வந்துவிடும். கெலா (பெரிய செதிள் உள்ள ஆற்று மீன்) கீழோட்டத்தில் நிற்காமல் ஓடும்போது நரம்பு அறுவது பெரும்பாலும் இப்படித்தான். தூரம் கூடினால் டிராக்கைச் சற்றுத் தளர்த்துவதே சரி. பயத்தில் இறுக்குகிறவர்கள்தான் மீனை இழக்கிறார்கள்.

மீன் ஓடிக்கொண்டிருக்கும்போது கூடுதல் பிடி தேவைப்பட்டால் குமிழைத் திருகாமல், உள்ளங்கையை ஸ்பூல் விளிம்பில் மெல்ல வைத்து அழுத்துங்கள். வேண்டாதபோது கையை எடுத்துவிடலாம். திருகிய குமிழைப் பதற்றத்தில் பழைய இடத்துக்குத் திருப்பமுடியாது. 2500 அல்லது 3000 அளவு மெஷின் இந்தக் கம்போடு சமநிலையில் இருக்கும். அதைவிடச் சிறியது போட்டால் நுனிப்பக்கம் கனத்து மணிக்கட்டு வலிக்கும்.

கம்பின் கோணம்

கம்பின் அடிப்பகுதிக்கும் நரம்புக்கும் இடையிலுள்ள கோணம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கம்பை நேராக மீனை நோக்கி நீட்டினால் வளைவே இல்லை. முழு இழுப்பும் நரம்புக்கும் முள்ளுக்கும் போகிறது. சிக்கிய நரம்பை அறுக்கத்தான் அந்த நிலை. 45 முதல் 70 பாகைக்குள் பிடித்தால் கம்பின் நடுவும் அடியும் வேலை செய்யும். மீனுக்குக் கனமான இழுப்பு, நமக்கு மெத்தையான வளைவு. 90 பாகையைத் தாண்டிப் பின்னால் சாய்த்தால் அடிப்பகுதி ஓய்வெடுக்கிறது, நுனியின் கடைசிக் கால் பங்கு மட்டும் வளைகிறது. பார்க்கக் கம்பு பயங்கரமாக வளைந்திருக்கும். மீனுக்குப் போகும் இழுப்போ குறைவாக இருக்கும். முறிவதற்கும் அதுவே இடம்.

ஜிஎக்ஸ்2வின் அடிப்பகுதிக்கு மீடியம் என்ற பெயரை மீறிய பலம் உண்டு. தாழ்வாக, பக்கவாட்டில் பிடித்தால்தான் அது வெளிப்படும். கம்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு "சக்தி இல்லாத கம்பு" என்று குறை சொல்கிறவர்கள் நுனியை மட்டுமே பயன்படுத்துகிறார்கள்.

பிடிக்கும் விதம்: மெஷினின் தண்டு நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில், பிடியின் அடி முன்கையின் உட்புறத்திலோ இடுப்பிலோ பதியவேண்டும். சோர்வு வந்ததும் மற்றக் கையைப் பிடிக்கு மேலே கம்பின் உடம்பில் வைத்துத் தூக்குவது பலருக்குப் பழக்கம். அப்போது கைக்குக் கீழே உள்ள பலமான பகுதி வேலையிலிருந்து விலகி, வளைவு முழுதும் கைக்கு மேலே மெல்லிய பகுதிக்குப் போகிறது. கை வைத்த இடத்துக்குச் சற்று மேலே முறிந்த கம்பைக் கண்டால் வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

சுற்றும்போது கம்பை மெதுவாக ஏற்றுங்கள். கடிகார முள்ளில் 9இலிருந்து 11 வரை. ஏற்றும்போது சுற்றவேண்டாம். இறக்கும்போது நரம்பு தொய்யாதபடி சுற்றுங்கள். ஸ்பூல் நழுவிக்கொண்டிருக்கும்போது கைப்பிடியைச் சுற்றுவது வீண் மட்டும் இல்லை, கெடுதல். ஸ்பின்னிங் மெஷினில் அப்படிச் சுற்றும் ஒவ்வொரு ரோட்டர் (மெஷினின் சுழலும் தலைப்பகுதி) சுற்றும் நரம்பில் ஒரு முறுக்கு. 5.2:1 விகித மெஷினில் கைப்பிடியை இருபது தடவை சுற்றினால் நூற்றுக்கு மேல் முறுக்கு ஏறும். அடுத்த வீச்சில் நரம்பு கூடுபோல் சிக்கி வரும். அப்படி முறுக்கு ஏறிவிட்டால், முள்ளையும் சுழலியையும் அவிழ்த்துவிட்டு வெறும் நரம்பை ஐம்பது மீட்டர் ஓட்டத்தில் மிதக்கவிட்டு, இரண்டு விரலுக்கிடையில் அழுத்திச் சுற்றி எடுங்கள். ஆறே முறுக்கை அவிழ்த்துவிடும்.

ஓட்டத்தோடு சண்டை போடாதீர்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பிளஸ் ஆறு தித்திவங்சா மலைப்பக்கமிருந்து இறங்கி, லாசா, லிந்தாங் வழியாக வந்து பேராக் ஆற்றில் சேர்கிறது. மேலே கல்லும் பாறையும் வேகமும். கீழே வரவர மணல் திட்டும், சரிந்த கரையும், மூழ்கிய மரமும். ஒரே கம்பை இரண்டு இடத்திலும் ஒரே விதமாகக் கையாண்டால் ஒன்றில் மீன் போகும்.

மீன் நமக்குக் கீழோட்டத்தில் இருந்தால் அதன் பலத்தோடு தண்ணீரின் தள்ளலும் சேர்ந்து கம்பில் ஏறும். அங்கே நின்றுகொண்டே மேலே இழுத்து இழுத்துச் சுற்றுவது முள் பிடித்த துளையைப் பெரிதாக்கும் வேலை. நடந்து இறங்குங்கள். மீனுக்கு நேராகவோ, அதைவிடச் சற்றுக் கீழாகவோ வந்து பக்கவாட்டில் இழுத்தால், மீன் நம்மையும் ஓட்டத்தையும் சேர்த்து எதிர்க்கவேண்டியிருக்கும். பாதி நேரத்தில் சோரும். பாசி பிடித்த கல்லில் அடியை உரசி உரசி நகர்த்துங்கள், தாவவேண்டாம். தண்ணீர் தொடையைத் தாண்டினால் அது மீனுக்காகப் போகும் ஆழம் இல்லை.

கரையில் வேரும் புதரும் அடைத்து இறங்கவே முடியாத இடங்களும் இருக்கின்றன. மீன் ஓட்டத்தை நிறுத்தி ஓரிடத்தில் தலையாட்டிக்கொண்டு நிற்கும்போது, இரண்டு மூன்று மீட்டர் நரம்பைத் தளர விடலாம். தளர்ந்த நரம்பை ஓட்டம் மீனுக்குக் கீழே வளைத்துக்கொண்டு போகும். இழுப்பு பின்னாலிருந்து வருவதாக உணர்ந்து மீன் மேலோட்டத்தை நோக்கித் திரும்பும். திரும்பியதும் தொய்வை எடுங்கள். செதிளை (முள் நுனியில் பின்னோக்கி நிற்கும் சிறு கூர்) நசுக்கிய முள்ளில் இது ஆபத்தான விளையாட்டு. வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

பக்க இழுப்பில் ஒரே விதி: மீன் தலை எந்தப் பக்கம் போகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம், தண்ணீர் மட்டத்துக்கு இணையாகக் கம்பு சாயவேண்டும். தலை திரும்பினால் உடம்பும் திரும்பியே ஆகவேண்டும். மீன் பக்கம் மாறினால் கம்பும் மாறவேண்டும்; ஆனால் தலைக்கு மேல் வட்டமாக வீசி மாற்றாமல், முன்பக்கமாகத் தாழ்வாக, நரம்பு இறுக்கம் விடாமல் கொண்டுபோகவேண்டும். இந்தக் கம்பின் நுனி மெல்ல நிமிர்வதால் அந்த மாற்றத்தில் தொய்வு விழுவது குறைவு. அதன் பெரிய நல்ல குணங்களில் இதைச் சொல்வோம்.

செபாராவ் முதல் ஓட்டத்திலேயே எல்லாப் பலத்தையும் செலவழிக்கும். கடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே பாறையோ விழுந்த மரமோ இருக்கும், அதற்குள் போகத்தான் பார்க்கும். ஆகவே அந்த மீனுக்கு மட்டும் முதல் சில விநாடி கம்பைத் தாழ்த்திப் பக்கவாட்டில் கடுமையாகவே பிடிக்கவேண்டும்; பிறகு இளகலாம். கெலா நேர்மாறு: தடுத்தால் அறுக்கும், விட்டுப்பிடித்தால் வரும். பாவுங் அடியோடு ஒட்டிக்கொண்டு வேருக்குள் நுழையும். மேல்நோக்கிய இழுப்பு அதற்கு வேலை செய்யும். லம்பாம் என்ற ஆற்று மீனின் வாய் சிறியது. அதற்கு இந்த மீடியம் கம்பே சற்று மிகை, டிராக்கை ஒரு கிலோவுக்குக் கீழே இறக்குங்கள். செம்பனைப் பழம் கட்டி லம்பாமுக்கும் கெலாவுக்கும் காத்திருப்பவர்கள் எந்த மீன் வரும் என்று தெரியாமல் டிராக் வைக்கவேண்டியிருப்பதால், குறைவாக வைத்து உள்ளங்கையை நம்புவதே நல்லது.

மீன் பாறைக்குள் நுழைந்து நரம்பு உரசுவது கையில் தெரிந்தால், இழுப்பதை நிறுத்துங்கள். கம்பைத் தாழ்த்தி, முற்றிலும் தளர்த்தி, ஒரு நிமிடம் பொறுங்கள். இழுப்பு நின்றதும் மீன் பல சமயம் தானே வெளியே வரும். வராவிட்டால் இடத்தை மாற்றி, நுழைந்த கோணத்திலேயே பின்னோக்கி இழுங்கள். 60 முதல் 90 செ.மீ. வரை 20 பவுண்ட் லீடர் (முள்ளுக்கு முன்னால் கட்டும் தடித்த நரம்பு) கட்டச் சொல்வது இதற்காகத்தான். பிரெய்டு பாறை விளிம்பில் நொடியில் போய்விடும்.

கடைசி மூன்று மீட்டர்

மீன் சாய்ந்து வயிற்று வெள்ளை காட்டிவிட்டது என்று பார்த்ததும் எல்லாருக்கும் அவசரம் வந்துவிடும். அந்த வெள்ளை சோர்வின் அடையாளம்தான். கரையையும் காலையும் கண்டதும் இன்னொரு ஓட்டம் நிச்சயம் இருக்கிறது. தூரத்தில் நரம்பு நீளமாக இருந்தபோது கிடைத்த மெத்தை இப்போது இல்லை. அந்த ஓட்டத்தை வாங்க டிராக்கைச் சிறிது தளர்த்தி வையுங்கள்.

எவ்வளவு சுற்றுவது? நுனிக்கு வெளியே கம்பின் நீளமும் அதற்கு மேல் ஒரு முழமும் நரம்பு இருக்கவேண்டும்; இந்தக் கம்புக்கு 2.3 முதல் 2.5 மீட்டர். அதற்கும் உள்ளே சுற்றினால் மீனைக் காலடிக்குக் கொண்டுவரக் கம்பைக் காதுக்குப் பின்னால் சாய்க்கவேண்டியிருக்கும். அங்கேதான் 90 பாகையைத் தாண்டுகிறோம். லீடர் முடிச்சை நுனி வளையத்துக்குள் இழுத்து நிறுத்துவதும் வேண்டாம். மீன் திடீரென்று பாய்ந்தால் முடிச்சு அங்கே முட்டி நிற்கும், அறுவது முடிச்சா நுனியா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

கைவலையை முன்கூட்டியே தண்ணீருக்குள் பாதி மூழ்கச் சாய்த்து அசையாமல் வையுங்கள். மீன் வலைக்கு வரவேண்டும், வலை மீனைத் துரத்தக் கூடாது. தலை முதலில். வாலில் தொட்டால் முன்னால் பாயும். தலையில் தொட்டால் வலைக்குள்தான் பாயமுடியும். கம்பைப் பின்னோக்கித் தாழ்வாக நீட்டித் தலையை நீர்மட்டத்துக்குத் தூக்கி, வலையின் விளிம்பைத் தாண்டியதும் கம்பைத் தளர்த்துங்கள். மீன் தானே அமிழும். கூட ஒருவர் இருந்தால் அவர் கீழோட்டத்தில் நிற்கட்டும், ஓட்டமே மீனை அவர் பக்கம் கொண்டுபோகும். வலை ரப்பர் பூசியதாக இருந்தால் நல்லது. பாவுங்கின் முதுகிலும் செவுள் பக்கத்திலும் உள்ள முட்கள் நைலான் வலையில் சிக்கினால் எடுப்பதற்குள் கை கிழியும்.

வலை இல்லாவிட்டால் மணல் திட்டைத் தேடுங்கள். சரிவான இடத்தில் கம்பைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடக்கவேண்டும். மீன் துள்ளும் ஒவ்வொரு துள்ளலுக்கும் ஒரு அடி. துள்ளாதபோது இழுக்காதீர்கள். மேட்டுக் கரையில் மாட்டிக்கொண்டால் கம்பால் தூக்காமல், லீடரைக் கையுறையோடு பிடித்துத் தூக்குங்கள். பிரெய்டைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது, விரலை அறுத்துவிடும்.

திரும்ப விடும் மீன் என்றால், கெலா போன்றவற்றை விடத்தான் வேண்டும் என்பது எங்கள் எண்ணம், முள்ளின் செதிளை முன்பே இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். கையை நனைத்துக்கொண்டு, தண்ணீருக்குள்ளேயே முள்ளை எடுத்து, தலை மேலோட்டத்தைப் பார்க்கத் தாங்கிப் பிடியுங்கள். தானாக உதறிக்கொண்டு போகும்வரை விடவேண்டாம். தாமான் நெகாரா தேசியப் பூங்காவின் லுபுக் தெனோர் காப்பிடத்தில் கெலா பெருத்து வளர்வது, அங்கே மீன் பிடிக்கத் தடை இருப்பதால்தான்.

முறிந்த இடம் சொல்லும் காரணம்

நுனியிலிருந்து ஒரு சாண் அளவில் போயிருந்தால்: கம்பைச் செங்குத்தாக்கியது, முடிச்சு நுனி வளையத்தில் முட்டியது, அல்லது கார் கதவில் நசுங்கியது. நடுவில் போயிருந்தால்: கை மேலே வைத்தது, அல்லது எப்போதோ பாறையில் பட்ட அடி. இணைப்புக்குப் பக்கத்தில் நீளவாக்கில் பிளந்திருந்தால் இணைப்பு தளர்ந்திருந்திருக்கிறது. இது இரண்டு துண்டுக் கம்பு எல்லாவற்றுக்கும் பொதுவான ஆபத்து. வீச வீச மேல் துண்டு மெல்ல மெல்ல நழுவும். அரைகுறையாகச் செருகியிருக்கும்போது மீன் மாட்டினால் குழாயின் விளிம்பு பிளக்கும். அரைமணி நேரத்துக்கு ஒரு தடவை இணைப்பைத் தொட்டுப் பாருங்கள். செருகும்போது வளையங்களைக் கால் திருப்பு விலக்கிச் செருகி, கடைசியில் நேராகத் திருப்பினால் பிடிப்பு நிற்கும். சாமி விளக்கு மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்தாலும் போதும்.

குறைகள்

நீளம் ஒன்றாகவுள்ள முழுக் கார்பன் கம்போடு ஒப்பிட்டால் கனம் தெரியும், அதுவும் நுனிப்பக்கம். 5 கிராமுக்குக் குறைவான சிறு ஸ்பூன்களை வீசினால் தூரம் போகாது. நுனி உடனே நிற்காமல் ஆடிக்கொண்டிருப்பதால் குறியும் தவறும். செபாராவுக்காக ஓட்டத்தின் எதிர்க்கரைப் பாறையடியில் ஒரு சாண் துல்லியமாகப் போட நினைப்பவர்களுக்கு அது பெரிய குறை. அடியில் ஈயத்தோடு இரை போட்டுக் காத்திருக்கும்போது மெல்லிய கடி கைக்கு வராது, கண்ணால் நுனியைப் பார்க்கவேண்டும். வெளுத்த நுனி இரவில் கைவிளக்கு வெளிச்சத்தில் நன்றாகத் தெரிவது அதற்கு ஓரளவு ஈடு.

எஃகு வளையத்தில் பீங்கான் இல்லாததால் வளையம் கழன்று விழுவதில்லை. மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் மணல் ஒட்டிய பிரெய்டு நாளடைவில் எஃகில் கோடு போடலாம். கோடு விழுந்தால் அந்த வளையம் பிரெய்டைத் தின்னும்.

தோமானுக்கு (விரால் இனத்துப் பெரிய மீன்) இது கம்பு இல்லை. செண்டெரோ ஏரியிலோ பழைய ஈயக்குட்டைகளிலோ பெரிய தோமானைத் தேடிப் போகிறவர்கள் இதே வரிசையில் ஹெவி பலத்தைப் பார்க்கவேண்டும். களைச்செடிக்குள்ளிருந்து வெளியே இழுக்கும் வேலைக்கு மீடியத்தின் நடுப்பகுதி இளகிவிடும்.

கலவையில் கார்பன் இருப்பதால் மின்சாரம் பாயும். பிற்பகல் இடி கேட்டதும் கம்பைக் கீழே படுக்கவைத்துவிட்டு ஆற்றைவிட்டு விலகுங்கள். மின்கம்பிக்கு அடியில் வீசவே வேண்டாம். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மலையில் மழை பெய்தால் கெபாலா ஆயர் (திடீர் வெள்ளம்) வரும். தண்ணீர் திடீரென்று கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், முள்ளில் எந்த மீன் இருந்தாலும் நரம்பை அறுத்துவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள்.

வாங்கும்போது

கடையில் ஆட்டிப் பார்ப்பதற்குப் பதில், கடைக்காரரிடம் சொல்லி நரம்பைக் கோத்து, அவர் ஒரு கிலோ எடையை நரம்பில் பிடித்துக்கொள்ள, நீங்கள் 45 பாகையில் கம்பை வளைத்துப் பாருங்கள். வளைவு நடுப்பகுதி வரை வருகிறதா, நரம்பு எந்த இடத்திலாவது கம்பின் உடம்பைத் தொடுகிறதா என்று கவனியுங்கள். இரண்டு துண்டையும் செருகி ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் வளையங்கள் ஒரே கோட்டில் இருக்கவேண்டும். மெஷின் பூட்டும் இடத்தில் உங்கள் சொந்த மெஷினை வைத்து இறுக்கி, அசைத்துப் பாருங்கள். பழைய கம்பை யாராவது விற்றால், காது துடைக்கும் பஞ்சுக் குச்சியை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சுற்றி எடுங்கள். பஞ்சு நார் மாட்டினால் அந்த வளையத்தை மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். நுனி வளையத்திலேயே மாட்டினால், மாற்றித் தந்த பிறகு வாங்கிக்கொள்வதாகச் சொல்லுங்கள்.